ஆட்குறைப்பும் சிங்காரவேலரும்

சேத்தியாத்தோப்புச் சர்க்கரை ஆலையிலும் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளிலும் பாடுபடும் நமது சகோதரர்களை முதலாளி ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட முடியுமா? முடியாது என்கிறது சட்டம். அப்படிச் சொல்லும் சட்டம் ஒன்று இல்லாத காலத்தில், அந்த நியாயத்துக்காகச் சிறை சென்ற ஒரு பெரியாரின் சரித்திரத்தை இன்று நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

ம. சிங்காரவேலர் 1860ஆம் வருஷம் பிப்ரவரி 18ஆந் தேதி சென்னையில் மீனவர் குலத்தில் பிறந்தார். ராஜதானிக் கல்லூரியில் படித்து, சட்டமும் தேறி, 1907இல் ஹைகோர்ட்டு வக்கீலானார். பொருளுக்கும் கீர்த்திக்கும் குறைவில்லை. ஆயினும் 1921இல், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, தமது வக்கீல் அங்கியைத் தீயிலிட்டுக் கோர்ட்டை விட்டு வெளியேறினார். அதே தொழிலைச் செய்துவரும் நமக்கு, அதை எழுதும்போது சிறிது வெட்கமும் உண்டாகிறது.

1922இல் கயா காங்கிரஸில் தொழிலாளருக்காகப் பேசினார். 1923 மே முதல் தேதி சென்னையில் தொழிலாளர் தினத்தைக் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதலாவது என்பர். ஆனால் அவருடைய வாழ்க்கையின் கடுஞ்சோதனை 1928இல் வந்தது.

தென்னிந்திய ரயில்வே கம்பெனியார், நாகப்பட்டினம் முதலிய இடங்களிலிருந்த தங்கள் பட்டறைகளைத் திருச்சிப் பொன்மலையில் ஒன்றுசேர்க்கத் தீர்மானித்தனர். அதையொட்டி 3,000 பேருக்கு மேல் வேலையிழக்கும் நிலை ஏற்பட்டது. ஆட்குறைப்புக்கு ஆளாவோருக்கு நஷ்டஈடு கொடுத்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் அன்று தேசத்தில் இல்லை. ஜூலை மாதத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. ஊர் ஊராகச் சென்று தொழிலாளருக்குத் தைரியமூட்டிய சிங்காரவேலர் கைதானார். சில நாட்களிலேயே வேலைநிறுத்தம் முறிந்தது. அவருக்கு 10 வருஷ தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீலில் அது குறைக்கப்பட்டு, 1930இல் விடுதலையானார். சிறை புகுந்தபோது அவருக்கு வயது 68.

1946 பிப்ரவரி 11ஆந் தேதி அவர் காலமானார். அவர் கேட்ட நியாயம் சட்டமாக வந்தது அதற்கு ஏழு வருஷங்களுக்குப் பின்னர்தான். 1953இல் தொழில் தகராறுச் சட்டத்தில் புதிய ஷரத்துக்கள் சேர்க்கப்பட்டன. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பில் நீக்குவதானால், காரணம் காட்டி ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கீடான சம்பளம், கொடுக்க வேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. 12 வருஷம் உழைத்தவருக்கு 180 நாள் சம்பளம் என்று கணக்கிட்டுக் கொள்க. கடைசியில் சேர்ந்தவரே முதலில் நீங்குவது பொது முறை.

1976இல் பெரிய தொழிற்சாலைகளுக்கு இன்னொரு காப்பும் ஏற்பட்டது: சர்க்காரின் முன்னனுமதியின்றி ஆட்குறைப்புக் கூடாது. மதுரை மீனாக்ஷி மில் வழக்கில் 1992இல் சுப்ரீம் கோர்ட்டும் இதை ஆதரித்தது. அத்தீர்ப்புக்கு முன்பே 100 பேர் உள்ள ஆலைகளுக்கும் இந்த விதி விரிந்திருந்தது. 2020இல் இயற்றி, 2025 நவம்பர் 21ஆந் தேதி அமுலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ அந்த எல்லையை 300 ஆக உயர்த்திவிட்டது. முதலாளிகள் தாராளமாக ஆள் சேர்க்க இது உதவும் என்பது ஆதரிப்போர் வாதம். அதை நாம் அடியோடு தள்ளவில்லை. ஆனால் சிறு சூளைகளும் சிறு பட்டறைகளும் மிகுந்த நமது பிரதேசத்தில், அனுமதி என்னும் வேலி பெரும்பாலோருக்கு இல்லை என்பதை மறக்கலாகாது.

அவர்களுக்கு எஞ்சியிருப்பது நோட்டீஸும் நஷ்டஈடுமே. அவற்றையும் பெறுவதற்கு, வேலை செய்த நாட்களுக்கு அத்தாட்சி வேண்டும். ஆஜர்ப் பட்டியலில் பெயரில்லாதவனுக்குச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயே. ஆகையால் தொழிலாளர் ஒவ்வொருவரும் தமது சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துக. சங்கங்கள் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்குக. சிங்காரவேலருக்குச் சிலை வைப்பதைவிட இதுவே அவருக்கு நாம் செலுத்தும் மெய்யான மரியாதையாகும்.