பொருநைக் கரையிலிருந்து குரோம்பேட்டை வரை: காயிதே மில்லத் வாழ்ந்த வழி

சான்றோர் வாழ்ந்த இடங்களைக் காணச் செல்வதும் கல்வியின் ஒரு பகுதியேயாகும். அடையாற்றின் கரையில் அமைந்த பொழிச்சலூரைச் சூழ்ந்து வாழும் நாம், அதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பம்மலையும் பல்லாவரத்தையும் கடந்தால் குரோம்பேட்டை. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற அவ்வூரில்தான் கண்ணியமிகு காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் வாழ்ந்தார். இந்திய அரசியல் சட்டத்தை வகுத்த அவையில் அமர்ந்த ஒருவர் நம் அண்டை ஊரார் என்பதை மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

அவர் பிறந்ததும் ஆற்றங்கரை ஊரே. தாமிரபரணி வளப்படுத்தும் நெல்லையின் பேட்டையில் 1896 ஜூன் 5ஆம் நாள் பிறந்தார். பொருநை எனப்படும் அவ்வாறு தோன்றும் பொதிகை, அகத்தியர் மலை. பொழிச்சலூரின் பழங்கோயிலும் அகத்தீசுவரர் பெயரால் அமைந்ததே. இவ்விரு கரைகளையும் தமிழ் முனிவரின் பெயர் இணைப்பது தமிழ் பயிலும் நமக்கு மகிழ்வூட்டுகிறது.

பேட்டையைக் காண்போர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1909இல், பதின்மூன்றாம் வயதிலேயே, அங்கு இளம் முஸ்லிம்களுக்கென ஒரு சங்கத்தை அவர் தொடங்கினார். நெல்லையிலும் பின்னர்த் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் சென்னையிலும் பயின்றார். 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பட்டப்படிப்பைத் துறந்தார். பின்பு தோல் வணிகத்தில் ஈடுபட்டு, நேர்மையால் அத்துறையினரின் மதிப்பைப் பெற்றார்.

அவரது வாழ்வின் பெருஞ்சோதனை நாட்டுப் பிரிவினையின்போது வந்தது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய முஸ்லிம் லீக் இரண்டாகப் பிரிந்தபோது, இந்தியப் பகுதியை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஐயமும் அச்சமும் சூழ்ந்திருந்த காலம் அது. இயக்கத்தையே கலைத்துவிடுவது நன்று என்று சொன்னோர் பலர். அவரோ, ஒதுங்கி வாழ்வதிலன்றி உரிமையைச் சட்டத்தின் வழியே கேட்டு வாழ்வதிலேயே சமுதாயத்தின் மானம் நிலைக்கும் எனக் கருதினார். 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் என வழங்கும் சென்னைக் கட்டடத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாயிற்று. அவர் அதன் தலைவரானார். அவ்வழியே செல்லும்போது இதனை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அரசியல் நிர்ணய அவையில் 1948 நவம்பரில் சமயத்தாரின் தனிச்சட்டங்களுக்குக் காப்புக் கோரித் திருத்தம் கொணர்ந்தார். அவை அதனை ஏற்கவில்லை. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி குறித்த விவாதத்தில் இந்துஸ்தானியை ஆதரித்தார். எனினும், பழமையே அளவுகோலாயின் திராவிட மொழிகளுக்கும் அவற்றுள் தமிழுக்குமே முதலிடம் என அவையறிய எடுத்துரைத்தார். தோல்வி கண்ட இடத்திலும் அவர் கசப்புக் கொள்ளவில்லை. அந்தச் சட்டத்தின் கீழேயே இறுதிவரை பணியாற்றினார். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், 1962, 1967, 1971 தேர்தல்களில் கேரளத்தின் மஞ்சேரியிலிருந்து மக்களவையிலும் இடம்பெற்றார். தமிழர் ஒருவரை மலையாள மக்கள் மும்முறை தேர்ந்தெடுத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

சமுதாயத்தின் உயர்வு கல்வியில் உள்ளது என்பது அவர் கொள்கை. தென்னாட்டில் முஸ்லிம் கல்வி நிறுவனங்கள் பல தோன்றவும் வளரவும் அவர் துணைநின்றார். பதவிகள் பல வகித்தும் எளிய வாழ்வையே வாழ்ந்தார்.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவரது அடக்கவிடம் உள்ளது. அண்ணா சாலையிலுள்ள அரசு மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்குகிறது. 1991இல் தஞ்சையிலிருந்து பிரிந்த நாகை மாவட்டமும் சில ஆண்டுகள் அவர் பெயரால் வழங்கியது. 1997இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அதுவும் மறைந்தது.

பெயர்ப்பலகைகள் மாறலாம். ஆனால் சமயத்தில் உறுதி, தமிழில் பற்று, நாட்டில் நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே முரணின்றி நிற்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. மாணவர்காள்! பேட்டைக்கும் திருவல்லிக்கேணிக்கும் வாய்ப்புள்ளபோது செல்லுங்கள். அதற்குமுன் குரோம்பேட்டைக்குச் சென்று, அவரைக் கண்டு பழகிய முதியோரிடமோ அவர்தம் மக்களிடமோ கேட்டறியுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அந்நினைவுகள் மறையாமல் காப்பது தமிழ்த்துறையின் கடமையுமாகும்.