நெருப்புப்பெட்டிக் கொம்பனி வாசலில் நின்ற அம்மையார்

சித்திரை மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று எங்கள் சங்கச் செயலாளர் இரண்டு மாதமாக ரெலிபோன் எடுத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கவிதை வராது. ஊர் நினைவுகளை எழுத என்னை விடத் திறமான ஆட்கள் இருக்கினம். ஆனபடியால், சென்ற வருஷம் முதியோர் மதிய உணவு நாளில் ஒரு மாமி என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியாத பதிலை இங்கே எழுதப் பார்க்கிறேன்.

நான் கோயிலுக்குப் போகாதவன் என்பது சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறிக்கொண்டு போகேக்கை, கடவுள் இல்லையெண்டு சொல்லுற ஆளுக்குப் புண்ணியமும் இல்லையே, பிறகேன் தம்பி புதன்கிழமையில வந்து இந்தப் பாடுபடுறீர் என்று மாமி கேட்டா. பகிடியாகத்தான் கேட்டா. ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்னி பெசன்ற் அம்மையாரின் கதையை நான் தேடிப் படித்தது அதன் பிறகுதான்.

பெயரைச் சொன்னதும் சென்னையில் கொஞ்சக் காலம் இருந்து வந்தவர்களுக்கு பெசன்ற் நகர் ஞாபகம் வரும். அடையாற்றுப் பிரமஞான சங்கம், சுயாட்சிக் கிளர்ச்சி, 1917இல் காங்கிரசின் முதல் பெண் தலைவர் – இவ்வளவும் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னர் பதினைந்து வருஷம் அவர் இதே லண்டனில், கடவுள் இல்லை என்று மேடையேறிச் சொல்லிக்கொண்டு, கிழக்கு லண்டன் ஏழைகளுக்காக அலைந்து திரிந்தவர் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

1847ஆம் ஆண்டு ஒக்ரோபர் 1ஆம் திகதி லண்டனில் பிறந்தார். ஐரிஷ் இரத்தம். ஐந்து வயதில் தகப்பன் போய்விட்டார். தாய், ஹரோவில் பள்ளிக்கூடப் பையன்களுக்கு விடுதி நடத்திக் குடும்பத்தைக் கொண்டு போனார். (இன்றைக்கு எங்கட சனம் நிறைந்திருக்கிற அதே ஹரோதான்.) இருபது வயதில் பிராங்க் பெசன்ற் என்ற பாதிரியாருக்குக் கலியாணம் செய்து கொடுத்தார்கள். டிக்பி, மேபல் என்று இரண்டு பிள்ளைகள். 1871இல் கைக்குழந்தை மேபலுக்குக் கடும் குக்கல் இருமல். குழந்தை மூச்சுக்குத் தவித்துக் கிடந்த அந்த நாட்களில்தான் தாயின் விசுவாசம் உடைந்தது. ஒன்றுமறியாத குழந்தையை இப்படி வதைப்பதை எந்தக் கடவுளின் கணக்கில் எழுதுவது என்பது அவருடைய கேள்வி. குழந்தை தப்பிவிட்டது, விசுவாசம் தப்பவில்லை. தேவாலயத்தில் நற்கருணை எடு, அல்லது வீட்டை விட்டுப் போ என்ற நிலை வந்தது. 1873இல் அவர் வீட்டை விட்டுப் போனார். மகன் தகப்பனோடு, மகள் தாயோடு என்று பிரிவுப் பத்திரம் எழுதினார்கள்.

அடுத்த வருஷம் பழைய தெரு என்று நாங்கள் சொல்லக்கூடிய ஓல்ட் ஸ்ரீற்றில் இருந்த விஞ்ஞான மண்டபத்துக்குப் போய், சார்ள்ஸ் பிரட்லோவின் பேச்சைக் கேட்டார். பிரட்லோவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். ஹொக்ஸ்ரனில் ஏழை வீட்டில் பிறந்து, கேள்வி கேட்டதற்காக இளவயதிலேயே வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தவர். 1866இல் நஷனல் செக்கியூலர் சொசைற்றி என்ற நாத்திகர் சங்கத்தைத் தொடக்கினவர். அந்தச் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது. 1880இல் நோர்தாம்ரன் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்தும், சத்தியப் பிரமாணத் தகராறில் 1886 வரைக்கும் அவரை ஒழுங்காக இருக்க விடவில்லை. ஒரு இரவு பிக் பென் கோபுரத்திலேயே பூட்டியும் வைத்தார்கள். அவர் விடாமல் நின்று 1888இல் கொண்டு வந்த சட்டத்தால்தான், கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி மட்டும் கொடுக்கும் உரிமை பாராளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் எல்லாருக்கும் கிடைத்தது. என்னுடைய அகதி வழக்கு மேல்முறையீட்டில், எந்தப் புத்தகத்தில் கை வைக்கப் போகிறீர் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். புத்தகம் வேண்டாம், உறுதிமொழி தருகிறேன் என்றேன். ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது இவ்வளவு அடிபட்டு வாங்கின உரிமை என்று அப்போது எனக்குத் தெரியாது.

அம்மையார் அந்தச் சங்கத்தில் சேர்ந்து, வாரம் ஒரு கினி சம்பளத்துக்குப் பத்திரிகையில் எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நாத்திகர் சங்கம் என்றால் சும்மா கடவுளைத் திட்டுகிற கூட்டம் என்று நினைக்கக்கூடாது. அந்த மண்டபத்தில் விஞ்ஞான வகுப்புகள் நடந்தன, அம்மையாரே படிப்பித்தார். பிரட்லோவின் பெண்பிள்ளைகள் இருவரும் படிப்பித்தார்கள். நலிந்த உறுப்பினருக்கு உதவ நிதி வைத்திருந்தார்கள். தேவாலயம் கை கொடுக்காத ஆட்களுக்குத் தாங்களே கை கொடுக்க வேண்டியிருந்தது. இதற்குச் சட்டத்தின் துணையும் கிடையாது. நாத்திக அமைப்புக்கு ஒருவர் இறக்கும்போது சொத்தெழுதி வைத்தால் அது செல்லும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது 1917இல்தான். அதுவரை உயிரோடு இருக்கிற ஆட்கள் கையிலிருந்து கொடுத்த காசுதான். எங்களைப் போலச் சங்கம் நடத்துகிறவர்களுக்கு அதன் கஷ்டம் விளங்கும்.

இதற்குள் அவருக்குப் பெரிய அடி விழுந்தது. 1877இல் பிரட்லோவும் அவரும், குழந்தைப் பேற்றைக் கட்டுப்படுத்துவது பற்றிய ஒரு சிறு புத்தகத்தைத் துணிந்து வெளியிட்டார்கள். பிள்ளைகளைப் பெற்றுப் பெற்றே சாகிற ஏழைப் பெண்களுக்கு அந்த அறிவு போய்ச் சேரவேண்டும் என்பது எண்ணம். ஆபாசம் என்று வழக்குப் போட்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அந்தத் தண்டனை பிறகு சட்ட நுணுக்கத்தில் அடிபட்டுப் போனது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு தகப்பன் பாதிரியார் மகளைக் கேட்டு நீதிமன்றம் போனார். 1878இல் தீர்ப்பு. நாத்திகப் பெண், அதுவும் இப்படியான புத்தகம் போட்டவள், பிள்ளை வளர்க்கத் தகுதியில்லை. ஏழு வயது மேபலைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டு போனார்கள். தானே நீதிபதியின் முன் நின்று வாதாடினவர் அவர். அதற்குப் பிறகு கடும் காய்ச்சலில் விழுந்து கிடந்தார்.

எழும்பி என்ன செய்தார் என்பதுதான் என்னைப் பிடித்த இடம். பிறர் பிள்ளைகளுக்காக வேலை செய்யப் போனார்.

1888ஆம் ஆண்டுக்கு வருவோம். போ என்ற இடத்தில், பெயர்பீல்ட் வீதியில், பிறயன்ற் அன்ட் மே நெருப்புப்பெட்டித் தொழிற்சாலை. யூன் மாதம் பேபியன் சங்கக் கூட்டமொன்றில், அந்தக் கொம்பனி பங்குக்காரருக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல் இலாபம் கொடுக்கிறது, வேலை செய்யும் பெட்டைகளுக்கோ வாரம் சில சிலிங்தான் என்று கதை வந்தது. கேட்டுவிட்டுக் கை தட்டிக் கலைந்து போயிருக்கலாம். அம்மையார் நண்பர் ஹேர்பேட் பரோஸோடு கொம்பனி வாசலில் போய் நின்று, வேலை விட்டு வந்த பெட்டைகளிடம் நேரே விசாரித்தார். கோடையில் காலை ஆறரைக்கு வேலை, மாலை ஆறு மணி வரை. கால் ஊத்தையாக இருந்தால் 3 பென்ஸ் தண்டம். பிந்தி வந்தால் அரைநாள் கூலி போச்சு. எல்லாவற்றையும் விட மோசம் பொஸ்பரசு. வெள்ளைப் பொஸ்பரசுப் புகை பட்டு, அந்தக் கையாலேயே அதே இடத்தில் சாப்பிட்டு, பல்லில் தொடங்கித் தாடை எலும்பே அழுகி விழும் வியாதி.

யூன் 23இல் தன்னுடைய சிறிய வாரப் பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுதினார். இது பொய் என்று கையெழுத்துப் போடு என்று கொம்பனி பெட்டைகளை நெருக்கியது. அவர்கள் போடவில்லை. ஒருத்தியை வேலையால் நிற்பாட்ட, யூலை 5ஆம் திகதி எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 1,400 பேர். அம்மையார்தான் வேலைநிறுத்தம் செய்வித்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறது. அது சரியில்லை. அந்தப் பெட்டைகள் தாங்களாகவே வெளியே வந்தவர்கள். அடுத்த நாள் இருநூறு பேரளவில் பிளீற் ஸ்ரீற் வரைக்கும் நடந்து போய் அவருடைய கந்தோர் வாசலில் நின்றபோது, இனி இவர்களுக்கு யார் சாப்பாடு போடுவது என்று அவரே கலங்கிப் போனார்.

இங்கேதான் பழைய பயிற்சி உதவியது. பத்திரிகைகளுக்கு எழுதிக் காசு சேர்த்தார்கள். யார் யார் வேலையில்லாமல் நிற்கிறார்கள் என்று பெயர்ப் பதிவேடு எழுதினார்கள். மைல் என்டில் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு இத்தனை சிலிங் என்று எண்ணிக் கொடுத்தார்கள். காசெண்ணுகிற வேலைக்கு நாடகாசிரியர் பேர்னாட் ஷாவும் வந்தவர். அப்போது அவர் பெரிய ஆளில்லை. பெட்டைகளைப் பாராளுமன்றத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். கொடுத்தவர்கள் பெயரையும் தொகையையும் அச்சிலே போட்டார்கள். (எங்கள் சங்கப் பொருளாளர் இந்த வரியைக் கவனிக்க வேண்டும்.) இரண்டு கிழமைக்குள் கொம்பனி இறங்கி வந்தது. தண்டமும் கழிவும் நீங்கின, சாப்பிடத் தனி அறை கிடைத்தது, தொழிற்சங்கம் பிறந்தது. முதற் செயலாளர் அம்மையார்.

நியாயமாகச் சொன்னால், நாத்திகர் மட்டும் செய்த வேலை இல்லை இது. வைற்சப்பலில் ஒரு பாதிரியார் நடத்திய ரொயின்பி ஹோல் இளைஞர்களும் பெட்டைகள் பக்கம் நின்று எழுதினார்கள். பிறகு 1891இல் இரட்சண்ய சேனை பக்கத்திலேயே நச்சில்லாத சிவப்புப் பொஸ்பரசில் நெருப்புப்பெட்டி செய்யும் தொழிற்சாலை திறந்தது. மறுபக்கம், கொம்பனியைத் தொடக்கின இரண்டு பேரும் குவேக்கர் பக்தர்கள், பங்கு வைத்திருந்தவர்களில் பாதிரிமாரும் இருந்தார்கள். கடவுள் பக்தி இரண்டு பக்கமும் இருந்தது.

அந்த நவம்பரிலேயே ரவர் ஹம்லெற்ஸ் தொகுதியில் லண்டன் பாடசாலைச் சபைக்கு நின்று முதலாவதாக வந்தார். பசியோடு வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று அங்கே போராடினார். மகளைப் பறிகொடுத்துப் பத்து வருஷம் கழிந்திருந்தது.

அதன்பின் 1889இல் பிளவாட்ஸ்கி அம்மையாரின் புத்தகத்தைப் படித்துப் பிரமஞானியாகிவிட்டார். நாத்திகத் தோழர்களுக்கு இது இடி. பிரட்லோ மனம் நொந்தார், ஆனால் பகை வைக்கவில்லை. 1891 ஜனவரியில் பிரட்லோ இறந்தபோது புறூக்வுட் மயானத்துக்குச் சனம் ரயில் ரயிலாகப் போனது. அப்போது இங்கே படித்துக்கொண்டிருந்த காந்தியும் போனவர். அம்மையார் கொள்கையை மாற்றினாலும் கிழக்கு லண்டனைக் கைவிடவில்லை, 1890இல் போ வீதியில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு மன்றம் திறப்பித்தார். ஆளை மாற்றியது எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நாத்திகனான எனக்கு அதில் கொஞ்சம் கவலைதான், மறைப்பானேன்.

1893 நவம்பரில் கொழும்பு வழியாகத் தூத்துக்குடியில் போய் இறங்கினார். அதே கடலை வேறொரு இடத்தில் நாங்கள் இரவிரவாக வள்ளத்தில் கடந்தோம். சென்னையில் அவருக்கு முன்பே நாத்திகர் இருந்தார்கள். லௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை தத்துவவிவேசினி என்று தமிழிலேயே பத்திரிகை நடத்தினார்கள், பிரட்லோவின் சங்கத்தோடு தொடர்பும் வைத்திருந்தார்கள். அம்மையார் வந்த நேரம் அந்தப் பத்திரிகை நின்றுவிட்டது, அவரும் பழைய ஆளில்லை. காசியில் இந்துக் கல்லூரி தொடக்கினார். சுயாட்சிக்காக 1917இல் ஊட்டியில் காவலில் இருந்தார். நீதிக்கட்சியார் அவரைப் பிராமணர் பக்கம் நிற்பவர் என்று கடுமையாக எதிர்த்தார்கள். அவையெல்லாம் புத்தகங்களில் விரிவாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. அடையாற்றில் நாராயணய்யா என்பவரின் இரண்டு மகன்களை, ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்தியானந்தாவையும், தன் பொறுப்பில் எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1912இல் தகப்பன் பிள்ளைகளைத் திருப்பித் தா என்று வழக்குப் போட்டார். சென்னை உயர்நீதிமன்றம் தகப்பன் பக்கம் தீர்த்தது. அம்மையார் விடாமல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வந்து, 1914இல் வென்றார். தன் பிள்ளையைக் கோட்டில் பறிகொடுத்த பெண் இன்னொருவர் பிள்ளைகளுக்காகக் கோட்டேறி வென்ற கதை இது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. நெருப்புப்பெட்டிக் கொம்பனி வாசலில் நின்றவரும் இவர்தான்.

1933 செப்டெம்பர் 20ஆம் திகதி அடையாற்றில் காலமானார்.

போ தேவாலயத்துக்கு முன்னால் 25ஆம் நம்பர் பஸ்ஸில் போகிறவர்கள் கிளாட்ஸ்ரன் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அதை வைக்கத் தங்கள் கூலியில் ஒரு சிலிங் வெட்டினார்கள் என்று பெட்டைகள் அம்மையாரிடம் முறையிட்டார்கள். இன்றைக்கும் யாரோ அந்தச் சிலையின் கைக்குச் சிவப்பு மை பூசி விடுகிறார்கள். தொழிற்சாலை இப்போது விலைகூடிய பிளாற்றுகள். 2022இல் அங்கே அந்தப் பெட்டைகளின் வேலைநிறுத்தத்துக்கு நீல நினைவுத்தகடு வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, சாப்பாடு முடிந்த பிறகு மாமிக்குப் பக்கத்தில் இருந்து இவ்வளவையும் சொன்னேன். புண்ணியம் பற்றி மாமி ஒன்றும் கதைக்கவில்லை. கொம்பனியைப் பற்றியும் கேட்கவில்லை. அந்த மகள் பிறகு தாயிட்டை வந்தவளோ என்று மட்டும் கேட்டா. வந்தவள் மாமி, வயது வந்ததும் இரண்டு பிள்ளைகளும் தாயைத் தேடி வந்தவை என்றேன். மாமி கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு, பாயாசம் மிச்சம் கிடக்கோ தம்பி என்று கேட்டா.