அடிகளாரின் ஆங்கிலம்

ஆங்கிலம் பயின்றால் தமிழ் தேயும் என்று அஞ்சும் மாணவரை நான் நாளும் காண்கிறேன். அப்போதெல்லாம் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், கல்லடி உப்போடையில் துயிலும் விபுலாநந்த அடிகளாரே என் நினைவில் எழுவார். யாழ்நூலாசிரியர் என்று அவரை எல்லோரும் அறிவர். அவர் ஆங்கிலத்தை ஆண்ட விதத்தை அறிந்தோர் சிலரே.

1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்தவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். பட்டம் பெற்றதோடு மொழிப்பயிற்சியை முடித்துக்கொள்பவர் நம்மிடையே பலர். அடிகளாரோ சேக்சுபியர் நாடகங்களில் தோய்ந்து, அவற்றைப் பழந்தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்புநோக்கி, 1926இல் 'மதங்கசூளாமணி'யைத் தந்தார். அதில் ரோமியோ இரம்மியனாகிறான், சூலியத்து சுசீலையாகிறாள். இப்பெயர் மாற்றம் எனக்கு முற்றும் உவப்பன்று. வெரோனா நகரத்து இளைஞன் தன் பெயரோடே நம்மிடம் வந்திருக்கலாம். ஆனால் ஆங்கில அடிகளைத் தமிழ்ச் செய்யுளாக வார்க்க முயல்பவன் ஒரு சொல்லையேனும் அரைகுறையாக விளங்கிக்கொண்டு நகர இயலாது. அதனினும் கடுமையான மொழிப்பயிற்சி எது?

1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். பின்னர் இமயத்து மாயாவதியில் 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில இதழுக்கு ஆசிரியராயிருந்தபோதும் யாழாராய்ச்சியை விட்டாரல்லர். ஆங்கிலத்திற் கற்ற பௌதிகமும் கணிதமும் பண்டை யாழின் சுருதிகளைக் கணக்கிட அவருக்குக் கைகொடுத்தன. யாழ்நூல் 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார்.