கணக்கைத் தொண்டாக்கிய குமரப்பா

கணக்கு என்றாலே நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடும். கூட்டலும் கழித்தலும் தேர்வுக்கு மட்டுமே என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் கணக்கு எழுதுவதையே மக்கள் தொண்டாகச் செய்த பெருமகனார் ஒருவர் தம் இறுதிக் காலத்தை நம் மதுரைக்கு அருகிலேயே கழித்தார். திருமங்கலம் தாண்டி இராசபாளையம் செல்லும் சாலையில் டி. கல்லுப்பட்டி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமமே அவர் வாழ்ந்த இடம். அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

1892-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். இலண்டன் சென்று கணக்கியல் பயின்று தேர்ந்தார். பின்னர்ப் பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தி நல்ல வருவாய் ஈட்டினார். மேனாட்டு உடையும் வசதியான வாழ்வும் அவருக்குப் பழகிப்போயின.

1927-இல் அமெரிக்கா சென்று சிராக்கியூஸ், கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகங்களில் உயர்கல்வி கற்றார். இந்தியாவின் அரசாங்க வரவு செலவை அங்கே ஆராய்ந்தபோதுதான் அவர் கண் திறந்தது. ஏழை உழவர் கட்டிய வரிப்பணம் அந்த உழவருக்கே பயன்படவில்லை என்பதை எண்களே அவருக்குக் காட்டின. 1929-இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அதன்பின் கதர் உடுத்தினார்; குமரப்பா என்னும் குடும்பப் பெயரை ஏற்றார்; பம்பாய்த் தொழிலை விட்டார். குசராத்தில் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களில் மாணவரோடு சென்று மக்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார்.

1934-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பீகாரில் கொடிய நிலநடுக்கம் ஏற்பட்டது. நாடெங்குமிருந்து உதவி குவிந்தது. இராசேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த நிவாரணக் குழுவின் பணப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுக்குக்கூட அவர் ஓர் அளவு வகுத்தார். அவ்வேளையில் காந்தியடிகள் தம் குழுவினருடன் பாட்னா வந்தார். அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று காந்தியடிகளின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா தெரிவித்துவிட்டார். வந்தவரோ நாடே வணங்கும் தலைவர், குமரப்பாவுக்கோ வழிகாட்டி. ஆயினும் அந்தப் பணம் வீடிழந்தவர்களுக்காக மக்கள் கொடுத்தது. காந்தியடிகள் சினம் கொள்ளவில்லை. காரணத்தைக் கேட்டறிந்து, தம் குழுவின் செலவைத் தாமே ஏற்கச் செய்தார்.

பின்னர் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் பணியாற்றினார். விடுதலைப் போரில் சிறை சென்றார். இயேசுவின் போதனைகளைப் பற்றியும் நிலைத்த பொருளாதாரம் பற்றியும் சிறையிலேயே நூல்கள் எழுதினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. இறுதியில் டி. கல்லுப்பட்டியில் எளிமையாக வாழ்ந்து, 1960-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், சென்னையில் உயிர் நீத்தார்.

அன்புத் தோழியரே! இவர் வாழ்வு நம் சிறு பங்குக் கோவில்களுக்கும் பாடமாகிறது. இன்று பல இடங்களில் பேரேட்டுக்குப் பதில் கணினி வந்துவிட்டது. டேலி போன்ற மென்பொருளில் ஞாயிறு காணிக்கை, திருவிழா நன்கொடை, மின்கட்டணம் என்று ஒவ்வொன்றையும் அதனதன் தலைப்பில் பதிந்தால், மாத இறுதியில் அறிக்கை நொடியில் கிடைக்கும். தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு ஆகிய நான்கும் இருந்தால் படிக்காத பாட்டிக்கும் அதை விளக்கிவிடலாம்.

எடுத்துக்காட்டாக, தொடக்க இருப்பு 12,000 ரூபாய், வரவு 30,000, செலவு 20,000 என்றால், முடிவு இருப்பு 22,000 ஆகும். ஆனால் அந்த வரவில் 8,000 ரூபாய் ஏழை மாணவியரின் படிப்புக்கென வந்து இன்னும் செலவாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது கோவிலின் பொதுச் செலவுக்கு இருப்பது 14,000 மட்டுமே. ஆகவே குறித்த நோக்கத்துக்கு வந்த பணத்தை அறிக்கையில் தனியே காட்ட வேண்டும். கூரை ஒழுகும்போது, இந்த 8,000 ரூபாயை எடுத்துக்கொண்டு பிறகு வைத்துவிடலாமே என்று நல்லவர்களுக்கும் தோன்றும். அப்படிச் செய்தால், கட்டணம் கட்ட வேண்டிய நாளில் ஒரு சிறுமி வெறுங்கையோடு நிற்க நேரலாம். எந்த நோக்கத்துக்குக் காணிக்கை தரப்பட்டதோ, அதற்கே அதைச் செலவிட வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் விதிக்கிறது. மக்கள் தந்த காணிக்கைக்கு அவர்களிடம் கணக்குக் காட்டவும் சொல்கிறது.

கணினி விரைவாகக் கூட்டும், தவறின்றிக் கழிக்கும். ஆனால் கேட்பவர் எவ்வளவு பெரியவராயினும், இது ஏழையின் பணம் என்று பணிவோடு மறுக்க அதற்குத் தெரியாது. அதற்கு ஒரு மனிதர் வேண்டும். வகுப்பு நிதியின் பத்து ரூபாயானாலும் குமரப்பாவைப் போல் கணக்கு வைக்க இன்றே பழகுவோமாக!