நூல்நிலையத் தந்தை அரங்கநாதனார்

காஞ்சிபுரம் தொன்மை வாய்ந்த நகரம். வானளாவும் கோபுரங்களாலும் வண்ணப் பட்டாடைகளாலும் புகழ் பெற்றது. அவற்றோடு கல்விச் சிறப்பும் அந்நகருக்கு உண்டு. பழங்காலத்தில் கடிகை என்னும் உயர்கல்வி நிலையம் அங்கு விளங்கியது. மயூரசன்மன் என்னும் இளைஞன் வேதக் கல்வி பெறும்பொருட்டுக் கன்னட நாட்டினின்றும் அக்கடிகையை நாடி வந்தான் எனத் தாளகுந்தாக் கல்வெட்டுக் கூறுகின்றது. ஏழாம் நூற்றாண்டில் அங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், மக்கள் கல்வியின்பால் கொண்டிருந்த மதிப்பைப் பாராட்டி எழுதியுள்ளார்.

ஆயினும், அந்நாளில் நூல்கள் ஒரு சிலர் கையிலேயே இருந்தன. பனையோலையில் எழுதப்பட்ட ஒரு சுவடியைப் படியெடுக்கப் பல நாள் வேண்டும். அதனைப் பயிலும் வாய்ப்போ சில குடிகளில் பிறந்தோர்க்கே உரியதாயிருந்தது. விடியற்காலையில் தறியில் அமர்ந்து, பொழுது சாயும்வரை ஓடம் எறிந்து உழைத்த நெசவாளிக்கு அச்சுவடிகள் எட்டாக் கனிகளாகவே இருந்தன.

இன்றைய நிலை வேறு. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகின்றது. அவ்வாரம் நெருங்கியதும், பொது நூல்நிலையங்கள் விழாவிற்கு ஆயத்தமாகின்றன. புத்தகக் கண்காட்சி, சிறுவர்க்குக் கதை சொல்லுதல், மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி, அறிஞர் சொற்பொழிவு, வாசகர் வட்டக் கூட்டம் என நிகழ்ச்சிகள் வகுக்கப்படுகின்றன. அவற்றிற்கு யாரும் வரலாம். நெசவாளியின் மகனும், வணிகரின் மகளும், ஓய்வு பெற்ற ஆசிரியரும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து கேட்கலாம். கடிகையின் கதவு சிலருக்கே திறந்தது. நூல்நிலையத்தின் கதவோ எல்லார்க்கும் திறந்திருக்கின்றது. இம்மாறுதல் தானே வந்து வாய்த்ததன்று. அதற்காகப் பலர் பாடுபட்டனர். அவருள் தலைசிறந்தவர், இந்திய நூலகவியலின் தந்தை என அறிஞர் போற்றும் அரங்கநாதனார் ஆவார்.

இளமையும் கல்வியும்

சீர்காழி இராமாமிருதம் அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அந்நாளைய தஞ்சை மாவட்டத்தில் பிறந்தார். அவர்தம் தந்தையார் இராமாமிருதம், தாயார் சீதாலட்சுமி. சிறு வயதிலேயே அவர் தந்தையை இழந்தார். பள்ளிக் கல்வியைச் சீர்காழியில் முடித்து, உயர்கல்விக்காகச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். ஆங்குக் கணிதத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, 1916ஆம் ஆண்டில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியர் கணிதம் கற்பித்து வந்தார். அவர்பால் அரங்கநாதனார் கொண்ட அன்பும் மதிப்பும் வாழ்நாள் முழுவதும் குன்றவில்லை.

பின்னர் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் உள்ள அரசினர் கல்லூரிகளிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் அவர் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். மாணவரோடு கலந்து பழகுவதும், அவர்தம் ஐயங்களைத் தீர்ப்பதும் அவருக்கு மிக உவப்பான செயல்கள். வாழ்நாள் முழுவதும் ஆசிரியராகவே இருந்துவிட வேண்டும் என்பதே அவரது விருப்பம்.

விரும்பாமல் ஏற்ற பதவி

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூல்நிலையத்திற்கு முதல் நூலகரை நியமிக்க எண்ணியது. ஆசிரியப் பதவியைவிட அதற்கு ஊதியம் மிகுதி. நண்பர்கள் வற்புறுத்தவே அரங்கநாதனாரும் விண்ணப்பித்தார். நூலகத் தொழிலைப் பற்றி அவர் அப்போது அறிந்தது மிகவும் சிறிது. நேர்முகத் தேர்விற்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியம் ஒன்றில் படித்த கட்டுரையே அவருக்குத் துணை. ஆயினும் பதவி அவருக்கே கிடைத்தது. 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற சில நாட்களிலேயே அவர் மனம் சோர்ந்தது. வகுப்பறையில் இளைஞர் நடுவே வாழ்ந்தவர்க்கு நூல்நிலையத்தின் தனிமை தாங்க முடியாததாயிற்று. புத்தகங்கள் அடுக்கில் இருந்தன. படிப்போரைக் காண்பது அரிதாயிருந்தது. ஆகவே, பழைய பணியையே மீண்டும் தருமாறு அவர் கல்லூரியாரை வேண்டினார். முன்னரே திட்டமிட்டபடி இங்கிலாந்து சென்று நூலகக் கலையைப் பயின்று வருமாறும், அதன் பின்னரும் விருப்பம் பிறவாவிடின் ஆசிரியப் பணிக்குத் திரும்பலாம் என்றும் அவருக்கு உறுதியளிக்கப்பட்டது. அரைமனத்தோடு அவர் கப்பலேறினார்.

இங்கிலாந்தில் பெற்ற தெளிவு

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பெர்விக் சேயர்சு என்பவர். அவர் கிராய்டன் நகரப் பொது நூல்நிலையத்தின் தலைவருமாவார். சேயர்சின் வழிகாட்டுதலால் அரங்கநாதனார் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார். ஆங்கு அவர் கண்ட காட்சி அவரது எண்ணத்தையே மாற்றிவிட்டது. சிறுவர்க்கெனத் தனிப் பகுதிகள் இருந்தன. கதை கேட்கக் குழந்தைகள் கூடினர். தொழிலாளர் பணி முடிந்து மாலையில் வந்து படித்தனர். பொதுமக்களுக்காகச் சொற்பொழிவுகள் நடைபெற்றன. ஊரார் கூடிக் கற்கும் பொதுமன்றமாக நூல்நிலையம் விளங்குவதை அவர் உணர்ந்தார். கல்லூரி ஆசிரியர் சில நூறு மாணவர்க்கே கற்பிக்க முடியும். நல்ல நூலகரோ ஒரு நாடு முழுமைக்கும் கற்பிக்கலாம் என்ற தெளிவு அவருக்குப் பிறந்தது. ஆசிரியப் பணிக்குத் திரும்பும் எண்ணம் அன்றே அகன்றது.

நூல்களை வகைப்படுத்தும் முறையிலும் அவர் சிந்தனை சென்றது. அக்காலத்து முறைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் குறிக்கப்பட்டிருந்தது. புதிய பொருள் தோன்றினால் அதற்கு இடங்காண்பது அரிது. ஒரு நாள் இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியை அவர் கண்டார். அதிலிருந்த சில துண்டுகளையே வெவ்வேறு வகையில் பிணைத்துப் பல பொம்மைகளைச் செய்து காட்டினர். நூற்பொருளையும் இவ்வாறே உறுப்புகளாகப் பிரித்துப் பிணைத்தால் என்ன என்று அவர் எண்ணினார்.

காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவையைக் கொண்டு இதனை விளக்கலாம். உடல், கரை, முந்தானை ஆகிய உறுப்புகளுக்கு வெவ்வேறு நிற இழைகளைத் தேர்ந்து, நெசவாளி அவற்றைக் கோர்வையாகப் பிணைக்கின்றார். நிறங்கள் சிலவே; அவற்றின் சேர்க்கையால் பிறக்கும் புடவைகளோ பல. அவ்வாறே, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவின் வரலாறு கூறும் நூலொன்றில் பட்டு என்னும் மூலப்பொருளும், நெய்தல் என்னும் செயலும், காஞ்சிபுரம் என்னும் இடமும், அது குறிக்கும் காலமும் அடங்கியுள்ளன. இவ்வுறுப்புகளுக்குத் தனித்தனியே குறியிட்டு, முக்காற்புள்ளியால் இணைத்தால் எத்தகைய நூலுக்கும் உரிய இடம் அமையும். இவ்வகைப்பாட்டைத் தாயகம் திரும்பும் கப்பலிலேயே அவர் உருவாக்கலானார். 1933ஆம் ஆண்டில் அது கோலன் பகுப்புமுறை என்னும் பெயரால் நூலாக வெளிவந்து, உலகெங்கும் அறிஞரின் கருத்தைக் கவர்ந்தது.

ஐந்து விதிகள்

1925ஆம் ஆண்டில் சென்னை திரும்பிய அரங்கநாதனார், பல்கலைக்கழக நூல்நிலையத்தைப் புதுப்பிக்க முற்பட்டார். படிப்போரே அடுக்குகளினூடே சென்று வேண்டிய நூலை எடுத்துப் பார்க்கும் முறையை ஏற்படுத்தினார். நாள்தோறும் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் விடுமுறையே எடுக்கவில்லை என்பர். எளிய உடையும் எளிய உணவுமே அவர் விரும்பியவை.

கணிதம் பயின்ற அவர், எண்ணற்ற நூலகச் செயல்களுக்கெல்லாம் அடிப்படையான சில விதிகள் இருத்தல் வேண்டும் எனக் கருதினார். பல நாள் முயன்றும் அவை சொல்வடிவம் பெறவில்லை. 1928ஆம் ஆண்டில் ஒரு மாலை, அவருடைய பழைய ஆசிரியர் ராஸ் அவரைக் காண வந்தார். மாணவரின் மனக்குழப்பத்தைக் கேட்டறிந்த அவர், நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பதன்றோ நீ சொல்ல விழையும் கருத்து எனக் குறிப்பாக எடுத்துக் காட்டினார். அடைத்த கதவு திறந்தாற்போல் ஏனைய விதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின.

நூல்கள் பூட்டிக் காப்பதற்காக அல்ல, படிப்பதற்காகவே உள்ளன என்பது முதல் விதி. ஒவ்வொருவர்க்கும் அவர்க்கு ஏற்ற நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும் என்பது மூன்றாவது. படிப்போரின் காலம் வீணாகலாகாது என்பது நான்காவது. நூல்நிலையம் உயிர்ப்பொருள் போல என்றும் வளர்ந்துகொண்டே இருப்பது என்பது ஐந்தாவது. இவ்விதிகளை விளக்கும் அவர்தம் நூல் 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இரண்டாம் விதி கேட்பதற்கு எளிது. ஆனால் நிறைவேற்றுவதற்கு அரிது. ஒவ்வொருவரும் என்னும் சொல்லில் உழவரும், நெசவாளரும், பெண்டிரும், சிறுவரும், கண் பார்வை இழந்தோரும் அடங்குவர். எழுத்தறியாதவரையும் விலக்குவதற்கில்லை, அவர்க்குப் பிறர் படித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலான மக்கள் எழுத்தறியாதிருந்த அந்நாளில் இக்கொள்கை பலர்க்குக் கனவாகவே தோன்றியது.

வண்டியில் சென்ற நூல்கள்

அரங்கநாதனார் கனவோடு நின்றவர் அல்லர். 1928ஆம் ஆண்டில் அன்பர் சிலருடன் சேர்ந்து சென்னை நூலகச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டிலேயே நூலகப் பணிக்கு ஆட்களைப் பயிற்றும் வகுப்புகள் தொடங்கின.

நூல்நிலையம் இல்லாத சிற்றூர்களுக்கு நூல்களைக் கொண்டு செல்வது எங்ஙனம் என்னும் வினாவிற்கும் விடை கிடைத்தது. ஓய்வு பெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை என்பவர் மன்னார்குடியில் வாழ்ந்து வந்தார். 1931ஆம் ஆண்டில் அவர் மாட்டு வண்டியொன்றை நூல்நிலையமாக அமைத்தார். அவ்வண்டி சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சென்று நூல்களை வழங்கியது. நெல்லும் வைக்கோலும் ஏற்றிச் சென்ற வழியில் நூல்கள் பயணம் செய்தன. நூலை நாடி வர இயலாத மக்களை நூலே நாடிச் சென்றது. இம்முயற்சி அரங்கநாதனாருக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

சட்டம் பிறந்தது

எனினும், தனி மனிதரின் கொடையுள்ளம் ஒன்றையே நம்பி நாடெங்கும் நூல்நிலையங்களை நடத்த இயலாது. கொடையாளர் மறைந்தால் கதவும் அடைபட்டுவிடும். பள்ளியையும் மருத்துவமனையையும் போல நூல்நிலையமும் மக்களின் உரிமையாதல் வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும் என்று அவர் கருதினார். 1930ஆம் ஆண்டில் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரிச் சட்டத்தை அவர் முன்வைத்தார். அதனைச் சென்னை மாகாணத்தில் நிறைவேற்ற அடுத்துவந்த ஆண்டுகளில் செய்த முயற்சி கைகூடவில்லை. அதனால் அவர் சோர்ந்து விடவில்லை. பேசியும் எழுதியும் தம் கருத்தைப் பரப்பிக்கொண்டே இருந்தார்.

நாடு விடுதலை பெற்றபின், அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராக இருந்த காலத்தில் அம்முயற்சி பலித்தது. 1948ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாநிலம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் இதுவே. இதன்படி மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் செலவிற்காக வீட்டு வரியோடு நூலக வரியும் தண்டப்பட்டது. தொடக்கத்தில் அது வரி ரூபாய் ஒன்றுக்கு ஆறு பை. 192 பை கொண்டது ஒரு ரூபாய். எனவே இஃது இன்றைய கணக்கில் ஏறத்தாழ மூன்று காசு. வீடுடையோர் அனைவரும் செலுத்திய இச்சிறு காசுகளே ஒன்று சேர்ந்து ஊர்தோறும் நூல்களாயின. அதனால் நூல்நிலையம் ஒருவர் இடும் பிச்சையாக இல்லாமல் ஊராரின் பொதுவுடைமையாயிற்று.

பிற்காலம்

இச்சட்டம் நிறைவேறியபோது அரங்கநாதனார் சென்னையில் இல்லை. 1945ஆம் ஆண்டில் சென்னைப் பணியினின்றும் விலகிக் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். ஆங்கிருந்த ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைத் தாம் ஒருவராகவே வகைப்படுத்தினார். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தார். பின்னர்ச் சுவிட்சர்லாந்திலும் சில ஆண்டுகள் தங்கி ஆராய்ந்தார். 1957ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1962ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை அவர் நிறுவினார். 1965ஆம் ஆண்டில் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக அவர் அமர்த்தப்பட்டார். தம் வாழ்நாட் சேமிப்பான ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே அளித்து, தம் துணைவியார் சாரதா அம்மையார் பெயரால் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்று அமையச் செய்தார். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அவர் பெங்களூரில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 12ஆம் நாள் அவர் நினைவாகத் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. எனினும், அவருக்குரிய உண்மையான வழிபாடு படத்திற்கு மாலை சூட்டுவதோடு முடிந்துவிடுவதன்று. தறியை நிறுத்தி, கையில் ஒட்டிய பட்டிழையைத் துடைத்துவிட்டு, மாலையில் நாளிதழ் படிக்க வரும் நெசவாளியிடமும், கதை கேட்க அவர் கைப்பற்றி வரும் மகளிடமும் அரங்கநாதனாரின் இரண்டாம் விதி உயிரோடு நடமாடுகின்றது. அடுக்கில் தூசு படிந்து கிடக்கும் நூல் ஒவ்வொன்றும் அவ்விதி இன்னும் நிறைவேறவில்லை என்பதை உணர்த்துகின்றது. அதனை நிறைவேற்றும் பொறுப்பு நூலகர்க்கு மட்டும் உரியதன்று. நம் ஊர் நூல்நிலையத்தின் படியேறி, ஒரு நூலைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு மாணவர்க்கும் அதில் பங்கு உண்டு.