உருளை இழுத்தவர் வீசிய பந்து

தாம்பரத்திலோ சேலையூரிலோ காலி மனையில் கிரிக்கெட் ஆடும்போது, ஸ்டம்ப் நட்டுவிட்டு எட்டு வைத்து அளப்பீர்கள் அல்லவா? ஸ்டம்புக்கு ஸ்டம்ப் சரியான தூரம் 22 கஜம். அதாவது 66 அடி.

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் தூரம் 60 அடி 6 அங்குலம். பந்து எறிபவர் நிற்பதற்கு 10 அங்குல உயர மண்மேடும் உண்டு. கிரிக்கெட்டில் மேடு கிடையாது. பந்து பெரும்பாலும் தரையில் பட்டுத்தான் எழும். அதனால், தரை எப்படி இருக்கிறது என்பதே முக்கியம்.

அந்தத் தரையைப் பெருக்கி, உருளை இழுத்த தொழிலாளி ஒருவர் நம் நாட்டின் தலைசிறந்த பந்து வீச்சாளர் ஆனார். அவர்தான் பல்வங்கர் பாலு.

கர்நாடகத்தில் உள்ள தார்வாடில், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் அவர். புனேயில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் மாதம் 3 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பிறகு ஆங்கிலேயரின் பூனா கிளப்பில் சேர்ந்தார். அங்கே சம்பளம் 4 ரூபாய். ஆடுகளத்தைச் சமன் செய்வதும், வலை கட்டுவதும் அவர் வேலை. பயிற்சியின்போது பந்து வீசவும் சொன்னார்கள். இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசுவார். கிரெய்க் என்ற ஆங்கிலேய வீரர், தன்னை அவுட் ஆக்கும்போதெல்லாம் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்று சொல்வார்கள். ஆனால், மட்டையை மட்டும் யாரும் பாலுவின் கையில் கொடுக்கவில்லை!

அந்நாளில் மதவாரியாக அணிகள் ஆடின. வெற்றி வேண்டும் என்பதால் இந்து அணியினர் பாலுவைச் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண்குவளையில் தேநீர். எத்தனை கொடுமை பாருங்கள்!

பாலு சோர்ந்துவிடவில்லை. 1906ல் பம்பாயில் ஐரோப்பியர் அணியை இந்து அணி தோற்கடித்தபோது, அவருடைய பந்துவீச்சு பெரிதும் உதவியது. 1911ல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகள் எடுத்தார்.

இவ்வளவு செய்தும், அணித் தலைவர் பதவியை அவருக்குத் தரவே இல்லை. ஆனால் 1923ல், அவருடைய தம்பி விட்டல் அந்த அணியின் தலைவர் ஆனார். அண்ணனுக்கு மூடியிருந்த கதவு தம்பிக்குத் திறந்தது. பாலு 1955ல் காலமானார்.

குழந்தைகளே! உங்கள் ஆட்டத்திலும் பந்து பொறுக்கிப் போட மட்டும் ஒரு தம்பியோ தங்கையோ நிற்கிறார்களா? இன்று மாலை அவர்களுக்கும் ஒரு ஓவர் கொடுங்கள். மறக்காமல், மட்டையையும் கொடுங்கள்!