ரைபைஸன் சரித்திரச் சுருக்கம்

சென்னை இராஜதானியில் ஸிவில் ஸர்வீஸைச் சேர்ந்த பிரெடெரிக் நிகல்ஸன் என்னும் துரை 1892-ம் வருஷத்தில் துரைத்தனத்தாரால் ஒரு விசேஷ வேலைக்கு நியமிக்கப்பட்டார். ஐரோப்பாக் கண்டத்துக் குடியானவர்கள் அநியாய வட்டியினின்றும் எவ்வாறு தப்பினார்கள், அவர்கள் ஸ்தாபித்த கடன் சங்கங்கள் எவ்விதம் நடைபெறுகின்றன, அவை நம் தேசத்துக்கு ஏற்குமா என்பவற்றை ஆராய்ந்து அறிக்கை எழுதுவதே அவ்வேலை. கோயமுத்தூர் ஜில்லாவின் வரலாற்றை எழுதி 1887-ல் வெளியிட்டவரும் இவரே. ஆகையால் நம் குடியானவருடைய கிணறும் ஏரும் கடனும் இவருக்குப் புதியவையல்ல. 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய பாகங்களாக வெளிவந்த அவருடைய அறிக்கை, நம் ஊர் நிதிகளின் குணதோஷங்கள் வரையில் விரிவாய்ப் பேசி, முடிவில் மிகச் சுருங்கிய ஒரு புத்திமதியில் அடங்கியது. ரைபைஸனைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்பதே அதன் கருத்து. அப்பொழுது ரைபைஸன் இறந்து சுமார் ஒன்பது வருஷங்கள் ஆகியிருந்தன. அவரைப் போன்ற ஒரு மனிதன் ஒவ்வொரு சீமையிலும் தோன்றவேண்டும் என்பதே துரையவர்களின் எண்ணம்.

அத்தகைய மனிதர் யாவர் என்பதை நம் அங்கத்தினர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அறிந்துகொள்ளுமாறு அவருடைய சரித்திரத்தைச் சிறிது கூறத் துணிகின்றோம்.

பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைஸன் 1818-ம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ந் தேதி ஜெர்மனி தேசத்தில் ஸீக் நதிக்கரையிலுள்ள ஹாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளுள் இவர் ஏழாமவர். தகப்பனாருடைய ஆதரவு இளமையிலேயே இல்லாமற்போகக் குடும்பப் பாரம் முழுவதும் தாயாரின்மேல் விழுந்தது. பள்ளிக்கூடத்துக்கு மேற்பட்ட கல்வி பெறப் பொருளில்லாமையால், அவ்வூர்ப் பாதிரியாரே இவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பதினேழாம் வயதில் பிரஷ்ய இராணுவத்தில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். அதில் மேன்மேலும் உயர்ந்திருப்பார். ஆயினும் கண்ணில் உண்டான ஒரு வியாதி அவ்வழியை அடைத்தது. 1843-ல் படையை விட்டு விலகிச் சிவில் உத்தியோகத்தில் புகுந்தார். அந்தக் கண்நோய் ஆயுள் முழுதும் அவரை விடவில்லை என்பதை வாசகர் நினைவில் வைக்கக் கோருகின்றோம்.

1845-ல் வையர்புஷ் என்னும் கிராமத் தொகுதிக்கு அவர் தலைமை அதிகாரியானார். நம் நாட்டு மணியகாரரையும் தாசில்தாரையும் ஒன்றாகச் சேர்த்தாற்போன்ற உத்தியோகம் அது. மலையும் காடும் சூழ்ந்த வெஸ்டர்வால்டு என்னும் அச்சீமையில் நிலம் வறண்டது, குளிர் அதிகம், குடிகளோ துண்டு நிலங்களை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கையும் கம்பரிசியைப் போன்ற ரை என்னும் மட்டமான தானியத்தையும் பயிரிட்டுப் பிழைப்பவர். உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது, தானியமும் பொய்த்தது. 1846-ம் வருஷக் கடைசியிலும் 1847-ன் தொடக்கத்திலும் கொடிய க்ஷாமம் உண்டாயிற்று.

துரைத்தனத்தார் மாவு அனுப்பினார்கள். ஆனால் ரொக்கம் கொடுத்தவர்க்கே அதை விற்கவேண்டும் என்று உத்தரவு செய்தார்கள். பசித்தவன் கையில் ரொக்கம் எங்ஙனம் இருக்கும்? ரைபைஸன் தம் பொறுப்பிலேயே அவ்வுத்தரவைத் தள்ளிவைத்துக் கடனுக்கு மாவைக் கொடுத்துவிட்டார். பின்னர் ஊரிலுள்ள பொருளாளர்களைக் கூட்டிப் பணம் சேர்த்து, ரொட்டிச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். ஊர்ப் பொதுவில் ஓர் அடுப்பு கட்டப்பட்டது. கடை விலைக்கு வெகு குறைவாக ரொட்டி விற்கப்பட்டது. விதைக்கிழங்கும் வாங்கிக் கொடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் அறுவடைக்குப் பின் கடனைத் தீர்த்தார்கள். உத்தியோகஸ்தர் பலர் உத்தரவைப் பின்பற்றிக் குடிகளை இழப்பர். இவர் அதற்கு மாறாக நடந்தார். உத்தியோக மரியாதை பெரிதென்று எண்ணுவோர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்றாலும், நாம் இதனைக் குற்றமென்று சொல்லத் துணியோம்.

அக்காலத்தில் அவர் பள்ளிக்கூடம் கட்டியதும், வையர்புஷிலிருந்து ரைன் நதியை நோக்கிப் பாதை போடத் தொடங்கியதும் சிறிய காரியங்களல்ல. பாதையில்லாத ஊரில் விளைந்த பொருளுக்கு விலை கேட்பவர் இல்லை. சந்தைக்குச் செல்லும் வழியை முதலில் திறக்கவேண்டும் என்பதை அவர் கடனைப் பற்றி நினைப்பதற்கு முன்னமே கண்டுகொண்டார்.

1848-ல் பிளாமர்ஸ்பெல்டு என்னும் வேறொரு தொகுதிக்கு மாற்றப்பட்டார். அங்கே க்ஷாமத்தினும் கொடிய ஒன்றைக் கண்டார். குடியானவனுக்குப் பசு ஒன்று வேண்டும், வாங்கப் பணமில்லை. வியாபாரி இளைத்த பசு ஒன்றை அவனிடம் விட்டுச் செல்வான். குடியானவன் தன் தீனியைப் போட்டு அதைத் தேற்றுவான். பசு கன்று ஈன்று பால் கறக்கும் பருவத்தில் வியாபாரி வந்து அதை ஓட்டிக்கொண்டு, வேறொரு இளைத்த பசுவை விட்டுப்போவான். கடன் மாத்திரம் கணக்கில் ஏறிக்கொண்டேயிருக்கும். இறுதியில் நிலமும் ஏலத்துக்கு வரும். நம் கிராமங்களில் நெல்லையும் விதையையும் கொண்டு நடந்த இதே சூதைக் கண்ட முதியோர் நம் குடும்பங்களில் இருந்திருப்பார்கள்.

1849-ம் வருஷம் டிசம்பர் மாதம் ஏழைக் குடியானவர்க்கு உதவும் சங்கம் ஒன்று பிளாமர்ஸ்பெல்டில் உண்டாயிற்று. வசதியுள்ளவர் சுமார் அறுபது பேர் தம் சொத்து முழுவதையும் பிணையாக வைத்து வெளியில் பணம் கடன் வாங்கினார்கள். அப்பணத்தால் மாடுகள் வாங்கி, ஐந்து வருஷத் தவணையில் குடியானவர்க்குக் கொடுக்கப்பட்டன. பின்னர் மாட்டுக்குப் பதிலாகப் பணமாகவே கடன் வழங்குவது வழக்கமாயிற்று.

இங்கே ஒரு குறையையும் மறைக்காமல் சொல்வது நம் கடமை. அப்பிரதேசத்தில் மாட்டு வியாபாரமும் லேவாதேவியும் செய்தவர்களுள் யூதர் பலர் இருந்தனர். ரைபைஸன் பிற்காலத்தில் அவ்வினத்தார்மேல் துவேஷம் தோன்றும்படி பேசினார், எழுதினார். தவறு வியாபார முறையிலும், ஏழைக்கு வேறு கதியில்லாமையிலும் இருந்ததேயன்றி ஓர் இனத்தாரிடம் இருந்ததன்று. ஒரு வகுப்பாரை மொத்தமாகப் பழிப்பதன் விளைவை, வகுப்புச் சங்கத்தாராகிய நாம் பிறர்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

1852-ல் நாய்வீட் நகரை அடுத்த ஹெட்டெஸ்டார்பு என்னுமிடத்துக்கு அதிகாரியாய் வந்தார். 1854-ல் அங்கே தர்ம சங்கம் ஒன்று ஸ்தாபித்தார். ஆதரவற்ற குழந்தைகளை வளர்ப்பது, வேலையில்லாதார்க்கு வேலை தேடுவது, சிறையினின்றும் விடுதலையானவர்க்கு உதவுவது, புஸ்தகசாலை வைப்பது, கடன் கொடுப்பது எனப் பல நோக்கங்கள் அதற்கு இருந்தன. நாளாக ஆக ஏனையவெல்லாம் தேய்ந்து, கடன் கொடுக்கும் பகுதி ஒன்றே உயிரோடு நின்றது. அதுவும் தள்ளாடியது.

இந்த இடத்திலேதான் ரைபைஸனுடைய வாழ்க்கையில் பெரிய திருப்பம் ஏற்பட்டது. பதினைந்து வருஷமாக அவர் நம்பிவந்தது பணக்காரரின் தயையை. கிறிஸ்துவ பக்தி மிக்கவராதலால், செல்வமுள்ளவன் ஏழையைத் தாங்குவது தெய்வக் கட்டளை என்று உறுதியாய் நினைத்தார். ஆனால் அனுபவம் வேறாயிருந்தது. தங்களுக்கு ஒரு பயனுமின்றிப் பிறருடைய கடனுக்குத் தங்கள் சொத்தைப் பிணை வைப்பதில் தனவந்தர்கள் வரவரச் சலிப்படைந்தார்கள்; ஒருவர் பின் ஒருவராய் விலகினார்கள். கடன் வாங்கினவர்களோ அது பிறர் பணம் என்னும் எண்ணத்தோடிருந்தார்கள். கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் ஒரு பக்கம் என்று பிரிந்திருக்கும் வரையில் சங்கம் ஊன்றி நிற்கவில்லை.

அக்காலத்தில் டெலிட்ஷ் நகரத்தில் ஷூல்ஸ் என்பவர் 1849 முதற்கொண்டு தச்சர், சக்கிலியர் முதலான கைத்தொழிலாளிகளுக்குச் சங்கங்கள் ஏற்படுத்திவந்தார். மூலச்சரக்கை மொத்தமாக வாங்கிப் பங்கிடுவதும், சிறு கடைக்காரர்க்கு முன்பணம் கொடுப்பதும் அவற்றின் வேலை. தர்மம் வேண்டாம், தன் கையே தனக்குதவி என்பது அவருடைய கொள்கை. ரைபைஸன் அவரோடு கடிதப் போக்குவரத்து நடத்தினார். உடனே இசையவில்லை. தர்மத்தை விட்டுவிட்டால் சங்கத்தின் உயிரே போய்விடும் என்று வெகுகாலம் வாதாடினார். முடிவில், விருப்பமில்லாமலே என்று சொல்லலாம், உண்மைக்கு இடம் கொடுத்தார். 1864-ல் ஹெட்டெஸ்டார்பு சங்கம் கடன் சங்கமாகத் திருத்தி அமைக்கப்பட்டது. கடன் வேண்டுவோன் அங்கத்தினனாகச் சேர்ந்தே ஆகவேண்டும். சேர்ந்தவன் எல்லோருடைய கடனுக்கும் தன் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பாளியாவான்.

இந்த வரம்பற்ற பொறுப்பு என்னும் ஏற்பாடு கேட்பதற்கு அச்சமாயிருக்கும். அதன் செய்கையை நோக்கினால் அச்சம் நீங்கும். தனித்த ஒரு குடியானவனுக்கு நகரத்தில் ஒருவரும் குறைந்த வட்டிக்குப் பணம் கொடார். நூறு குடியானவர் ஒருவர்க்கொருவர் பிணையாய் நின்றால், அவ்வளவு நிலமும் வீடும் சேர்ந்த ஜாமீனை யார் வேண்டாமென்பர்? அன்றியும், அண்டைவீட்டான் கடனுக்குத் தன் நிலம் பிணையாயிருப்பதால், அவன் பசு வாங்கக் கேட்ட பணத்தைச் சாராயக் கடையில் செலவிடுகிறானா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது நடைபெறவேண்டுமாயின் ஒருவரையொருவர் அறிந்திருக்கவேண்டும். ஆதலால் சங்கத்தின் எல்லை ஒரு கிராமத்துக்கு, அல்லது ஒரு கோயில் வட்டாரத்துக்கு மேற்படலாகாது என்று விதித்தார். நிர்வாகிகளுக்குச் சம்பளமில்லை, கணக்கனுக்கு மாத்திரமே உண்டு. லாபத்தை அங்கத்தினர் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. அது சேமநிதியில் சேரும். சங்கம் கலைந்தாலும் அந்நிதியைப் பிரிக்க முடியாது. கடன் எதற்கு என்று கேட்டே கொடுக்கவேண்டும். திருப்பிச் செலுத்தத் தவணை பல வருஷங்கள்.

இக்கடைசி விஷயத்திலேதான் ஷூல்ஸுக்கும் இவருக்கும் பெரிய வழக்கு மூண்டது. நகரத்துக் கடைக்காரன் சரக்கை விற்று மூன்று மாதத்தில் கடனைத் தீர்ப்பான்; நிலத்தை நம்பியவனுக்கு ஒரு போகம் விளைய ஒரு வருஷம் வேண்டும், பசுவின் கடன் தீர ஐந்து வருஷம் வேண்டும். சிறு தவணையில் பணம் வாங்கி நீண்ட தவணையில் கொடுப்பது ஆபத்து என்று ஷூல்ஸ் கண்டித்தார். ஒரு கிராமத்தில் மிஞ்சும் பணத்தை மற்றொரு கிராமத்துக்கு அனுப்புவதற்காக ரைபைஸன் 1872-ல் நாய்வீட்டில் மத்திய பாங்கி ஸ்தாபித்தபோது, சங்கங்கள் கூடிச் சங்கமாவது சட்டவிரோதம் என்று எதிர்த்தார். இந்த ஆக்ஷேபம் வீண் போகவில்லை. 1876-ல் ரைபைஸன் தம் மத்திய நிதியைப் பங்குக் கம்பெனியாக மாற்றி அமைக்க நேர்ந்தது. இருவரும் தத்தம் பக்கத்தில் ஓரளவு சரியென்றே நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் நடந்தபோது அவர் உத்தியோகத்திலில்லை, நல்ல கண்பார்வையுமில்லை. 1863-ல் மனைவியார் எமிலியா காலமானார். தம் சரீரமும் தளர்ந்தமையால் 1865-ல், நாற்பத்தேழாம் வயதில், சொற்ப உபகாரச் சம்பளத்தோடு விலக நேர்ந்தது. குடும்பத்தைக் காப்பாற்றச் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்று வைத்துப் பார்த்தார். பின்னர்த் திராக்ஷைமது வியாபாரம் செய்தார். பிறருக்குக் கடன் வழி காட்டியவர் தாமும் சிறுவியாபாரியாகவே பிழைத்தார். பத்தொன்பது வயதான மூத்த குமாரத்தி அமாலியா அவருக்குக் கண்ணும் கையும் ஆனாள். வரும் கடிதங்களை அவளே படிப்பாள். அவர் சொல்லச் சொல்ல அவளே எழுதுவாள். கடன் சங்கங்களைப் பற்றி 1866-ல் வெளிவந்த அவருடைய புஸ்தகம் அவ்விதமே உருவாயிற்று. அதைப் படித்துப் பற்பல ஊரார் தத்தம் கிராமங்களில் சங்கம் வைத்தார்கள். அப்பெண்மணி கடைசிவரை விவாகம் செய்துகொள்ளவில்லை. தகப்பனார் பெயரால் வழங்கும் காரியத்தில் பாதி அவளுடையது என்று நாம் கருதுகின்றோம். நம் இல்லத்துப் பெண்மணிகள் இதைக் கவனிப்பார்களாக.

1888-ம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி, எழுபது வயது நிறைய மூன்று வாரத்துக்குள் குறையிருக்க, ரைபைஸன் தேகவியோகமானார். மறு வருஷம் 1889-ல் ஜெர்மனியில் புதிய கூட்டுறவுச் சட்டம் ஏற்பட்டது.

நிகல்ஸன் துரையின் அறிக்கை நம் தேசத்தில் வீண்போகவில்லை. 1904-ல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அதில் கிராமச் சங்கங்களுக்கு ரைபைஸன் முறைப்படி வரம்பற்ற பொறுப்பு விதிக்கப்பட்டது. அவ்வருஷமே அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவில் திரூர் என்னும் கிராமத்தில் முதல் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. காஞ்சீபுரத்தில் நகர பாங்கியும், திருவல்லிக்கேணியில் பண்டசாலைச் சங்கமும் அக்காலத்திலேயே தோன்றின.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். ஜெர்மனியில் சங்கம் குடியானவருடைய சேமிப்பைக் கொண்டு வளர்ந்தது. நம் தேசத்தில் பெரும்பாலான கிராமங்களில் மேலிருந்து வரும் பணத்தைப் பங்கிடும் இடமாகவே அது கருதப்பட்டது. 1951-52-ல் இந்திய கிராமங்களின் கடனை ஆராய்ந்த கமிட்டி, குடியானவர் வாங்கிய கடன் நூறு ரூபாயில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது சுமார் மூன்று ரூபாயே என்று கண்டது. சட்டம் ஏற்பட்டு அப்பொழுது நாற்பத்தேழு வருஷங்கள் கழிந்திருந்தன. ஹெட்டெஸ்டார்பில் தனவந்தர்கள் விலகியபோது ரைபைஸன் கண்ட அதே பிளவு, கொடுப்பவர் வேறு பெறுபவர் வேறு என்னும் பிளவு, இங்கே துரைத்தனத்துக்கும் குடிகளுக்கும் இடையில் நின்றது.